அசைவூட்டப் படங்களும் பெரியவர் நாணமும்

பேச்சு வழக்கில் கார்ட்டூன் எனப்படும் அசைவூட்டப் படங்களை வளர்ந்தோர் விரும்பிக் காண்பது நம்மிடையே அரிதன்று. அதை ஒப்புக்கொள்வதுதான் அரிது. விருந்தினர் வந்துவிட்டால் அலைவரிசை மாற்றப்படும். அல்லது 'பிள்ளைகளுக்காகப் போட்டது' என்றொரு விளக்கம் தரப்படும், பிள்ளைகள் அவ்வேளையில் பள்ளியில் இருந்தாலும் கூட. இக்கூச்சம் எத்தகையது, எங்கிருந்து வந்தது, இதனால் நாம் இழப்பது யாது என்பவற்றை இக்கட்டுரை நோக்க முற்படுகிறது.

திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் இங்குத் துணை செய்கிறது. தகாத செயல் காரணமாக எழும் நாணம் வேறு, மகளிர்க்கு இயல்பெனக் கருதப்பட்ட நாணம் வேறு என்று வள்ளுவர் முதற்குறளிலேயே பிரித்துவிடுகிறார். அவ்வதிகாரம் போற்றுவது முன்னதை. கார்ட்டூன் கண்டு சிரித்தவர் தகாத செயல் எதையும் செய்துவிடவில்லை. எனவே அவர் கொள்ளும் உணர்வை வள்ளுவர் கூறும் நாணமாகக் கொள்வதற்கில்லை. வயதுக்கு ஒவ்வாததைச் செய்துவிட்டோமோ என்னும் கூச்சம் அது. ஒவ்வாதது என்று முடிவு செய்தவர் யார்?

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் 1940 முதல் எம்.ஜி.எம். நிறுவனத்திற்காகப் படைத்த டாம் அண்டு ஜெர்ரி குறும்படங்கள் திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்கு முன்பாகக் காட்டப்பட்டவை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்த அனைவரும் அவற்றின் பார்வையாளர்களே. ஏழு ஆஸ்கார் விருதுகளையும் அவ்வரிசை பெற்றது. 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியபின் இருவரும் தொலைக்காட்சிக்குச் சென்றனர். 1960இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. நிலையத்தில் அவர்களுடைய பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடர் ஒளியேறியது இரவு நேரத்தில். அதற்கு விளம்பர ஆதரவு தந்தது வின்ஸ்டன் சிகரெட். கற்காலக் கதைமாந்தர்களே சிகரெட் புகைத்து அதன் சுவையைப் பாராட்டிய விளம்பரங்கள் உண்டு. அத்தொடர் யாரை எண்ணி எடுக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1960களின் நடுப்பகுதிக்குப் பின்னரே அமெரிக்க நிலையங்கள் சனிக்கிழமைக் காலை வேளையைக் கார்ட்டூனுக்கென ஒதுக்கி, சிறுவர்க்கான தின்பண்டங்களையும் விளையாட்டுப் பொருள்களையும் அதனோடு சேர்த்து விற்றன. ஒரு நாட்டின் வணிக நேரப் பட்டியல் நம் வரவேற்பறையில் ஒழுக்க விதியாகிவிட்டது!

நம் வட்டாரத்தின் பழைய அசையும் படங்களுக்கு இவ்வயது வரம்பு இருந்ததில்லை. கிளந்தானின் வாயாங் கூலிட் நிழற்கூத்தில் பாக் டோகோலும் வாக் லோங்கும் கோமாளிகளாகத் தோன்றும்போது ஊரே சேர்ந்து சிரித்தது; அவர்களுள் பாக் டோகோல் தெய்வத்தன்மை உடையவராகவும் கருதப்பட்டார். தமிழகத் தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் சிறுவர்க்குரியவர்கள் என எவரும் ஒதுக்கவில்லை. அசையாச் சித்திரத்துக்கும் இக்கூச்சம் கிடையாது. 1979இல் 'கம்போங் பாய்' நூலை வெளியிட்ட லாட் 1994இல் டத்தோ விருது பெற்றார். நாளிதழில் அவருடைய சித்திரத்தைக் கண்டு சிரித்த பெரியவர் எவரும் இதழை மடித்து மறைத்ததாகத் தெரியவில்லை.

கூச்சத்தை வெல்லச் சிலர் வேறு வழி காண்கின்றனர். 'நான் பார்ப்பவை சிறுவர் படங்கள் அல்ல. ஆழமானவை' என்பது அவர்களின் வாதம். இசாவோ தக்காஹாத்தா 1988இல் இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' உடனே சான்றாக வரும். போரில் பெற்றோரை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மடிவதைக் காட்டும் அப்படத்தின் தகுதியை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆயினும் இவ்வாதம் கூச்சத்தின் மறுவடிவமே என்பது என் துணிபு. துயரம் இருந்தால்தான் மதிப்பு என்பதை அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. அப்படத்தோடு இணைத்து ஜப்பானியத் திரையரங்குகளில் ஒரே காட்சியாகத் திரையிடப்பட்ட மற்றொரு படம் ஹயாவோ மியாசாக்கியின் 'என் அண்டைவீட்டார் தொத்தோரோ'. அதில் மழையில் இரு சிறுமியர் பேருந்து நிறுத்தத்தில் தந்தைக்காகக் காத்திருக்கின்றனர். தங்கை அக்காளின் முதுகில் உறங்கிவிடுகிறாள். அருகே ஒரு பேருருவம் வந்து நிற்கிறது. அக்காள் அதற்கொரு குடையை நீட்டுகிறாள். குடைமேல் துளி விழும் ஓசை அதற்குப் பிடித்துவிடுகிறது. மரத்திலுள்ள நீரெல்லாம் உதிர ஒரு குதி குதிக்கிறது. கதை என்று சொல்ல இதில் ஏதும் இல்லை. குழந்தைமையைப் பெரியவர் பெரியவர்க்காகவே பாடிய பிள்ளைத்தமிழை உடைய நாம், இக்காட்சியின் இன்பத்துக்குச் சான்றிதழ் தேடுவது வியப்புக்குரியது.

சிரிப்பைப் பற்றியும் நம்மிடம் நுட்பமான பகுப்பு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. கொண்ட கருத்தை விடாமையை மடன் என உரை விளக்கும். நசுங்கியும் கருகியும் எழுந்த டாம், அடுத்த கணமே அதே எலியின் பின் ஓடுவது இம்மடனுக்குத் தக்க எடுத்துக்காட்டு. சிறுவர் ஜெர்ரியின் பக்கம் நிற்பதையும், நாற்பதைக் கடந்தவர் மெல்ல மெல்லப் பூனையின் பக்கம் சாய்வதையும் நான் பலரிடம் கண்டிருக்கிறேன். தோல்விகளை எண்ணத் தொடங்கிய வயது அது.

அதே வரிசையில் எள்ளலும் உண்டு. 1940களின் படங்களில் பெரும்பாலும் முகம் காட்டப்படாமலே வரும் கறுப்பினப் பணிப்பெண்ணின் பேச்சும் நடையும் ஓரினத்தை இழித்துக் காட்டுவன. அதற்கு எதிர்ப்பு எழுந்தது. பின்னாளில் தொலைக்காட்சிக்காக அவ்வுருவம் மாற்றி வரையப்பட்டதும் குரல் மாற்றப்பட்டதும் உண்டு. அந்த எள்ளலைக் கண்டு சொன்னவர்கள் பெரியவர்கள். பார்த்ததால் சொல்ல முடிந்தது. ஒளித்துப் பார்ப்பதை யாரும் திறனாய்வதில்லை. நாம் இழப்பது இதனைத்தான்.

நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம். 2007இல் நோன்பு மாதத்தையொட்டி லெஸ் கொப்பாக் நிறுவனம் தொடங்கிய 'உபின் இபின்' தொடர், பெற்றோரை இழந்து பாட்டியிடமும் அக்காளிடமும் வளரும் இரட்டையர் கதை. பெருநாளன்று அவர்கள் பெற்றோரின் கல்லறைக்குச் செல்லும் காட்சியில் சிறுவர் காண்பது ஒரு வழக்கத்தை. உடனிருக்கும் பெரியவர் காண்பது பாட்டியின் முகத்தை. தொடரின் நகையில் பெரும்பகுதி இளமை பற்றியது. 'இரண்டு மூன்று' என்றே எப்போதும் பந்துன் பாடத் தொடங்கும் ஜர்ஜித் சிங்கிடம் பேதைமையும் கலந்திருக்கிறது. அது எவரையும் புண்படுத்துவதில்லை.

அங்கிள் முத்துவிடம் வரும்போது எனக்கு ஐயம் எழுகிறது. கிராமத்தில் கடை நடத்தும் அவர் அன்பானவர். ஆனால் அவர் வரும் இடங்களில் சிரிப்புக்கு அவருடைய செயலைவிட மலாய் உச்சரிப்பே மிகுதியும் காரணமாகிறது. ராஜூவுக்கோ மாடு துணை. விலங்குகளோடு பேசும் ஆற்றலும் உண்டு. 2011இல் தொடங்கிய 'போபோய்போய்' தொடரின் கோபால் அச்சமும் பசியும் மிக்கவன். அவனுக்கு வாய்த்த ஆற்றலும் பொருள்களை உணவாக மாற்றுவதே. கோபாலின் அச்சத்தை இளமையின்பாற் படுத்தலாம்; அவன் நண்பர்களுக்காக அஞ்சிக்கொண்டே முன்வரும் இடங்கள் அவனை உயர்த்துகின்றன. பசி பற்றிய நகை அவ்வாறில்லை. அது மீண்டும் மீண்டும் வரும்போது ஓரினத்துச் சிறுவன்மேல் ஒட்டப்பட்ட அடையாளமாகி எள்ளலை நெருங்குகிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இவனைக் கண்டு சிரித்து வளர்ந்திருக்கின்றனர். ஒரு சிறுகதையில் இத்தகைய இந்தியப் பாத்திரம் வந்திருந்தால் நம் திறனாய்வாளர் எத்தனை பக்கம் எழுதியிருப்பர்! கோபாலைப் பற்றிய என் கணிப்பை மறுப்பவர் இருக்கலாம். மறுப்பதற்கும் தொடரை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்.