எங்கே வெட்டுவது?

புரதப் படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் உணரியில் விழும் புள்ளிகள் நடுவில் பளிச்சென்று இருக்கும். விளிம்பை நெருங்க நெருங்க மங்கி இரைச்சலில் கரையும். அணுக்களின் நுண்விவரம் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. எதுவரை தரவு, எங்கிருந்து குப்பை? நெடுங்காலம் இதை முடிவு செய்தவை இரண்டு எண்கள். விளிம்பு அடுக்கில் செறிவு தன் பிழையைப் போல 2 மடங்காவது இருக்க வேண்டும். ஆர்-மெர்ஜ் 60 விழுக்காட்டுக்குச் சற்று முன்பின்னாக அடங்க வேண்டும்.

இரண்டாவது விதி பெருங்கேடு செய்தது. ஒரே பிரதிபலிப்பின், அதாவது ஒரே புள்ளியின், அளவீடுகள் தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதையே ஆர்-மெர்ஜ் சொல்கிறது. நாம் கையாளப்போவதோ அந்தச் சராசரியை. இருபது முறை அளந்தால் சராசரி உறுதிப்படும், ஆர்-மெர்ஜோ ஏறும். இரண்டே முறை அளந்தால் அது அழகாகக் குறையும். கூடுதலாக உழைத்து அளந்தவரைத் தண்டிக்கும் அளவுகோலை எப்படி இத்தனை காலம் பொறுத்தோம்? படிகவியலாளர்கள் டீடெரிக்ஸும் கார்ப்ளஸும் 1997-இலேயே இந்தக் கோணலை நிமிர்த்தி ஆர்-மீஸ் என்ற அளவைத் தந்தார்கள். சமிக்ஞை தேயும்போது அதுவும் கட்டின்றி ஏறுவதால், வெட்டும் இடத்தை அதுவும் காட்டாது.

அதே இருவர் 2012-இல் ‘சயன்ஸ்’ இதழில் முன்வைத்த சிசி-1/2தான் உண்மையான திருப்பம். அளவீடுகளைக் குலுக்கி இரு பாதியாக்கி, அவற்றின் ஒட்டுறவைக் கணக்கிடுவது அது. சிஸ்டீன் டைஆக்சிஜனேஸ் என்ற புரதத்தின் தரவில், பழைய விதி தூக்கியெறிந்திருக்கும் மங்கிய அடுக்குகளும் அணு மாதிரியைச் செம்மையாக்கின என்று காட்டினார்கள். இரு பாதிகளின் ஒட்டுறவு 0.3 என்றாலும், முழுச் சராசரிக்கும் பிழையற்ற உண்மைக்குமான ஒட்டுறவு ஏறத்தாழ 0.68 என்று கணக்கிட முடிகிறது.

ஆனால் இன்று அந்த 0.3-உம் சிலர் கையில் புதிய சட்டமாகிவிட்டது. பனி வளையம் போன்ற முறைசார் பிழை இரு பாதியிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒட்டுறவு அதைப் பிடிக்காது. படிகம் ஒரு திசையில் நன்றாகவும் மற்றொன்றில் மோசமாகவும் சிதறடித்தால், கோள அடுக்கின் சராசரி இரண்டையும் மறைத்துவிடும். கட்டுரைத் தலைப்பில் சிறிய ஆங்ஸ்ட்ராம் எண்ணைப் போடும் ஆசைக்கும் இந்த 0.3 விதி வசதி. 2012 கட்டுரையே இதற்கு வழி சொல்லியிருந்தது: முன்னதாக வெட்டிய தரவிலும் விளிம்பு நோக்கி நீட்டிய தரவிலும் மாதிரியைத் தனித்தனியே செப்பமிட்டு, இரண்டையும் முன்னதாக வெட்டிய தரவோடு மட்டும் ஒப்பிடுவது. கணினி நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்த ஒப்பீட்டின் எண்களை விளிம்பு அடுக்கின் சிசி-1/2-க்குப் பக்கத்திலேயே அட்டவணையில் இதழ்கள் கேட்க வேண்டும்.