தவழும் குழந்தையும் தலையெழுத்தும்

ஓராண்டு கடந்தும் நிற்கவில்லை. ஒன்றரை ஆண்டாகியும் நடக்கவில்லை. ஏன்? "தலையெழுத்து" என்பார் பழமைவாதி. "பரம்பரை மந்தம்" என்பார் படித்த மேதாவி. இருவர் கையிலும் சான்று இல்லை. சான்று காட்டும் ஆய்வுரை ஒன்றை இங்கே நாம் எடை போடுகிறோம்.

1991-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் சாலி கிரந்தம்-மக்ரிகர் தம் குழுவினரோடு வெளியிட்ட உரை அது. களம், ஜமைக்காவின் தலைநகராம் கிங்ஸ்டனின் ஏழையர் குடியிருப்புகள். 9 முதல் 24 மாதம் வரை வயதான, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை நான்காகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் 1 கிலோ பால்மாவு; இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீடு தேடிச் சென்று விளையாட்டுப் பயிற்சி; மூன்றாவதற்கு இரண்டும்; நான்காவதற்கு இரண்டும் இல்லை. ஈராண்டு நடந்தது சோதனை.

விளைவு? நடத்தல், ஓடல், ஏறல் ஆகியவற்றை அளக்கும் பகுதியில் பால்மாவு தந்த ஏற்றம் 12.4 புள்ளி, விளையாட்டு தந்தது 10.3. இரண்டும் சேர்ந்த பிரிவே முன்னணியில் நின்றது. பிரமன் எழுதிய எழுத்தைப் பால்மாவு அழிக்குமோ? பரம்பரை மந்தம் பந்து உருட்டினால் பறந்துவிடுமோ?

ஆயினும் கைதட்டி நின்றுவிடுதல் பகுத்தறிவாளர்க்கு அழகன்று. பிரிவுக்கு முப்பதுக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளே, எனவே 12.4 என்பது 5.4 ஆகவும் இருக்கலாம், 19.5 ஆகவும் இருக்கலாம் என்று அவ்வுரையே ஒப்புகிறது. கண்ணும் கையும் இணைந்து இயங்கும் திறத்தில் பால்மாவின் ஏற்றம் வெறும் 2.2, அதனை உறுதியென்று கொள்வதற்கில்லை. (மாவு விற்போர் 12.4-ஐ மட்டும் டப்பாவின்மேல் அச்சிடுவர், 2.2-ஐ அச்சிடார்!)

பலரும் கடந்துபோகும் ஒரு குறிப்பையே நாம் பெரிதெனக் கொள்கிறோம். பசித்த வீட்டில் பால்மாவு ஒரு வாய்க்கு மட்டும் போகுமா? மூத்தது அழும், தாய் பங்கிடுவாள். அது குற்றமன்று, தாய்மை. இதனையறிந்த ஆய்வாளர், குடும்பத்தார்க்கெனச் சோளமாவும் பால்பொடியும் தனியே கொடுத்தனர். ஒரு பிள்ளையை ஊட்ட ஒரு குடும்பத்தையே ஊட்ட வேண்டியிருந்தது! அளவுகோல் பிள்ளையின் காலை அளந்தது. தந்தையின் கூலியை அளக்கவில்லை. இதுவே அவ்வுரைமேல் நம் குறை.

அக்குழந்தைகளை ஆய்வாளர் கைவிட்டுவிடவில்லை. 11 வயதிலும் 17 வயதிலும் 22 வயதிலும் மீண்டும் தேடிச் சென்றனர். பால்மாவு மட்டும் பெற்றோரின் ஏற்றம் மறைந்திருந்தது. விளையாட்டுப் பயிற்சி பெற்றோரோ அறிவுத் தேர்வில் முந்தி நின்றனர். 22 வயதில் அவர்தம் ஊதியம் பெறாதாரினும் 25 விழுக்காடு மிகுந்திருந்தது. ஈராண்டுச் சோற்றை வாழ்நாட் சோறென எண்ணுவோர் இதனைப் படிக்கட்டும். சோறு வேண்டாமென்று இதற்குப் பொருள் கூறுவோரும், நடக்கும் வலுவை முதலில் தந்தது எது என்று மீண்டும் ஒருமுறை படிக்கட்டும்.

அவ்வீடுகளுக்கு வாரந்தோறும் நடந்தவர்கள் மருத்துவப் பட்டதாரிகளல்லர். பயிற்சி பெற்ற சுகாதார உதவிப் பெண்கள். அவர்கள் கொண்டுசென்ற பொம்மைகளும் கையால் செய்தவையே.