மாடிப்படியும் மணலும்

கட்டடக்கலை என்று தமிழில் எழுதப்படுபவை கோபுரங்களைப் பற்றியும் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியும் இருக்கும். ஒண்டுக்குடித்தனத்துக்கும் ஒரு கட்டடக்கலை உண்டு என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கட்டியவன் பெயரால் அறியப்படுவது கலை. குடியிருப்பவர்கள் செய்துகொள்ளும் மாற்றம் 'ஆக்கிரமிப்பு'. ஊரூர் ஒல்காட் குப்பத்தின் மணலில் நின்று இந்தப் பார்வையின் அரசியலை வாசிக்க முயல்கிறேன். அதற்கு அயர்லாந்திலிருந்து ஒரு வீடு உதவும்.

டப்ளினில் ஹென்ரியெட்டா தெரு, 14ஆம் எண். ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பாணியில் 1740களில் லூக் கார்டினர் கட்டியது. ஒரே ஒரு பணக்காரக் குடும்பத்துக்கான வரிசை வீடு. 1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டு, டப்ளின் பாராளுமன்றம் இல்லாமல் போனதும் பெரிய மனிதர்கள் இடத்தைக் காலி செய்தார்கள். 1870களில் தாமஸ் வான்ஸ் அதை வாங்கிக் குடித்தனங்களாகப் பிரித்தபோது பெரிய மாடிப்படி அகற்றப்பட்டது. ஏறி இறங்குகிற இடத்துக்கு வாடகை வராது, அவ்வளவுதான். 1911 கணக்கெடுப்பில் அந்த வீட்டில் 100 பேர். நடைச்சுவரில் செம்மண் நிறமும் நீலமும் பூசினார்கள். அது ரெக்கிட் கம்பெனி நீலம். நாம் வேட்டிக்குப் போட்ட ராபின் நீலமும் அந்தக் கம்பெனியுடையதுதான். 1970களின் இறுதியில் கடைசிக் குடித்தனமும் வெளியேறியது. 2018இல் அது மியூசியம் ஆயிற்று. பிரபு வீட்டின் சுண்ணாம்பு வேலைப்பாட்டோடு ஏழைகளின் நீலச் சுவரும் காக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஏழைகள் போன பிறகு.

இங்கே கணக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கிறது. 1970இல் உருவான குடிசை மாற்று வாரியம் இருக்கிற வீட்டை உடைத்துப் பிரிக்கவில்லை, புதிதாகவே அடுக்கியது. 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயரை மாற்றினார்கள். பெயரிலிருந்து குடிசை போயிற்று, சதுர அடிக் கணக்கு போகவில்லை. அந்தக் கணக்கு சுவரோடு முடிகிறது. மீனவர் வீடோ சுவரோடு முடிவதில்லை. வலை விரித்துப் பழுது பார்ப்பது, கருவாடு காயவைப்பது, போட்டைக் கண்பார்வையில் நிறுத்துவது எல்லாம் மணலில். மூணாவது மாடியில வலைய எங்க விரிக்கிறது? டப்ளினில் மாடிப்படி வாடகையானது போல, இங்கே மணல் 'காலியிடம்' ஆகிறது. காலியிடம் என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் ரோடு போடலாம், பார்க் போடலாம்.

குடிசையைப் புனிதப்படுத்துவது என் வேலை இல்லை. ஓலை தீப்பிடிக்கும், தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ் பெண்களுக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதும் தெரிந்ததுதான். கேள்வி, கான்கிரீட்டுக்கு விலையாக எதைக் கேட்கிறார்கள் என்பது. 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடலோரத்துக் குடும்பங்கள் பலவற்றை அலை கேட்காத செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் வீடு 'கொடுக்கப்பட்டது'. 2011இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் போடச் சொன்னது. அந்தத் திட்டத்தின் வரைபடத்தில் வலை காயும் மணலும் வீடாகவே குறிக்கப்பட வேண்டும்.

பிரம்மஞான சபையின் இரண்டு தலைவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் பெயராக நிற்கிறார்கள்: பெசன்ட்டுக்கு நகர், ஒல்காட்டுக்குக் குப்பம். நகர் வளரும்போதெல்லாம் குப்பம் அடுக்கப்படுகிறது அல்லது அனுப்பப்படுகிறது. டப்ளின் மாதிரி நாமும் ஒரு நாள் மியூசியம் திறப்போமோ என்னவோ. வலைக்கு மணல் கேட்க வேண்டிய நேரம் அதற்கு முன்னால்தான், ஆட்கள் இருக்கிறபோதே.