கன்னடத்தில் போட்ட பிள்ளையார் சுழி

தமிழ்த் திரையுலகின் சிறந்த இயக்குநர்களைப் பற்றிப் பேசுகையில், பெங்களூருத் தமிழர்களாகிய நாம் கன்னடத்தை ஒதுக்கி வைத்துவிட முடியாது. மூன்று தலைமுறைகளிலிருந்து மூவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் பி.ஆர். பந்துலு. நம்ம கோலார் மாவட்டத்துக்காரர். அவருடைய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) வசனத்தை நம்மில் பலர் இன்றும் மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். மேடையிலிருந்து வந்த கதையாதலால் அது காதுக்கு விருந்து. ஆனால், 1961இல் அவர் எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' அதைவிட உயர்ந்தது என்பேன். சிறை மீண்ட சிதம்பரனாரை வரவேற்க ஊர் திரளவில்லை. தொழுநோயால் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவா எதிர்ப்படுகிறார். அங்கே முழக்கத்துக்கு வேலையில்லை. வசூலில் அந்தப் படம் தோற்றது. அதே ஆண்டில் 'கித்தூர் சென்னம்மா'வைக் கன்னடத்துக்குத் தந்தவரும் அவரே.

அடுத்தவர், மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா. அவர் இயக்கிய முதல் படம் 'கோகிலா' (1977), கன்னடம், கறுப்பு வெள்ளை. மனசுக்குப் பிடித்தவள் இருக்க, வேலைக்காரப் பெண்ணிடம் தவறிவிடுகிறான் ஓர் இளைஞன். பழைய பாணியில் பக்கம் பக்கமாக வசனம் வந்திருக்கும். இங்கே கமல்ஹாசன், ஷோபா முகங்களும் வெளிச்சமுமே அதிகம் பேசுகின்றன. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை.

மூன்றாமவர் மணிரத்னம். அவருக்கும் முதல் படம் கன்னடமே: 'பல்லவி அனுபல்லவி' (1983). ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, இசை இளையராஜா. கணவனைப் பிரிந்து மகனோடு வாழும் பெண்ணுக்கும் அவளைவிட இளையவனுக்கும் ஏற்படும் ஒட்டுதல்தான் கதை. ஊர் என்ன பேசும் என்று காட்டுகிறார். தாம் தீர்ப்புச் சொல்வதில்லை. சில இடங்கள் இழுக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் 'மௌன ராக'த்தில் (1986) நாம் ரசித்த நாசூக்கு இங்கேயே முளைவிட்டிருக்கிறது.

காதுக்கு விருந்தாயிருந்த சினிமா கண்ணுக்கும் விருந்தான கதையில் கன்னடத்துக்கும் பங்குண்டு. நம் வீடுகளிலோ, பெரியவர்கள் கட்டபொம்மனோடு நின்றுவிடுகிறோம், பிள்ளைகள் ஒன்று புதுப்படம் பார்க்கிறார்கள், இல்லையென்றால் "கன்னடப் படமா, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான்.

பள்ளியில் கன்னடம் படிக்கிற பேரன் 'கோகிலா'வுக்குப் பொருள் சொல்லட்டும். தாத்தா கட்டபொம்மன் வசனம் சொல்லிக் கொடுக்கட்டும். இந்த ஊரில் வாழ்கிற நமக்கு இரண்டுமே வீட்டுச் சொத்துதானே!