கவச டைனோசர்களின் மண்டையோட்டு மீட்டுருவாக்கம்: திரவிடோசரஸை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

உயிர்ச்சுவடுகளை ஆராய்வோருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் துண்டுகளே. அவற்றை இணைத்து, இல்லாதவற்றை ஊகத்தால் நிரப்பி, முழுமையான தலையொன்றை நம்முன் நிறுத்துவதே மீட்டுருவாக்கம். அதில் கண்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு என்ற வினா கவச டைனோசர்களைப் பொறுத்தவரை மிகக் கூர்மையாக எழுகின்றது.

வன்னி நிலத்து வாசகருக்கு இவ்வினா அந்நியமானதன்று. புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு கோடு வரைந்தால், அதன் வடமேற்கே பரந்திருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மறுபுறத்தே பெரும்பாலும் மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகள். முன்னையது டைனோசர்கள் அழிந்து நான்கு கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் படிந்தது. பின்னையவை டைனோசர்கள் தோன்றுமுன்னரே உருவானவை. எனவே முல்லைத்தீவு மாணவர் டைனோசரை அறிவது படத்தின் வாயிலாகவே. ஒப்புநோக்க எலும்பு இல்லாதவிடத்துப் படமே சான்றாகிவிடுகின்றது.

நமக்கு அணித்தான எடுத்துக்காட்டு தமிழகத்தின் அரியலூர்ப் பகுதியைச் சார்ந்தது. அங்குள்ள திருச்சிராப்பள்ளித் தொகுதி அடையல்களிலிருந்து கிடைத்த மண்டையோட்டுப் பகுதி, பல், இடுப்பெலும்புகள், கவசத் தகடு முதலியவற்றைக் கொண்டு யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1979இல் திரவிடோசரஸ் பிளான்ஃபோர்டி என்ற புதிய இனத்தை நிறுவினர். அதனை ஸ்ரெகோசர் வகையினதாக அவர்கள் கொண்டனர். நன்கறியப்பட்ட ஸ்ரெகோசர்கள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டன. இப்பாறைகளோ ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டு வயதுடையன. ஆகவே இக்கூற்றின் பாரம் பெரிது.

சங்கர் சட்டர்ஜி, ருத்ரா ஆகியோர் 1996இல் இதனை மறுத்தனர். அவர்கள் கருத்துப்படி அவை சிதைவுற்ற பிளீசியோசர் எலும்புகளே. அதாவது கடல்வாழ் ஊர்வனவொன்றின் இடுப்பும் பின்காலும். அடையல்கள் கடல்சார்ந்தவை என்பது இம்மறுப்புக்கு வலுச்சேர்க்கும். ஆயினும் கடலில் படிந்ததனால் மட்டும் ஒரு விலங்கு கடல்வாழ்வதாகிவிடாது. நிலவிலங்கின் உடலும் ஆற்றோடு கடல்சேரும். 2017இல் கால்ற்றனும் அய்யாசாமியும் பிளீசியோசர் என்ற முடிவை ஏற்க மறுத்தனர். ஒரே எலும்பை ஒருவர் மண்டையோடென்றும் மற்றவர் இடுப்பென்றும் வாசிக்க இயலுமாயின், அதன்மேல் வரையப்பட்ட முழுத்தலையின் ஒவ்வொரு கோடும் ஐயத்திற்குரியதன்றோ?

இத்தகைய இடர் புதிதன்று. ஜபல்பூரில் கிடைத்த லமேற்றாசரஸை மற்லி என்பார் 1923இல் கவச விலங்காக விவரித்தார். சக்கரவர்த்தி 1935இல் அதனை ஐயுற்றார். ஊனுண்ணியின் இடுப்பும் காலும் வேறொரு விலங்கின் தோற்கவசத்தோடு கலந்து ஓருருவாயின என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

நிறைவான மண்டையோடு கிடைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வளர்ந்த ஆன்கிலோசர்களில் தோலெலும்புகள் தலையோடு இணைந்து பொருத்துக்களை மறைத்துவிடுகின்றன. மண்ணின் அழுத்தம் வடிவத்தை நசுக்குகின்றது. ஆர்பரும் கறியும் 2012இல் இந்நசிவைக் கணினி கொண்டு ஆராய்ந்தனர். 2013இல், யூஓபிளோகெபாலஸ் என்ற ஒரே பெயரில் அடக்கப்பட்டவை பல இனங்களுக்குரியவை எனக் காட்டினர். பழைய படங்களில் ஒன்றின் தலையும் இன்னொன்றின் வாலும் ஒரே விலங்கில் ஒட்டப்பட்டிருக்கக்கூடும் என்பது இதனாற் புலனாகும்.

இவற்றிலிருந்து மூன்று நியதிகளை வற்புறுத்துகிறோம். கண்ட எலும்பை முழுக்கோட்டாலும் ஊகித்ததைப் புள்ளிக்கோட்டாலும் காட்டுதல் வேண்டும். பிறவிலங்கிலிருந்து கடன்பெற்ற பகுதி எதுவெனப் பெயர் சுட்டுதல் வேண்டும். நசிவைத் திருத்தியவிடத்துத் திருத்தாத வடிவத்தையும் உடன் தருதல் வேண்டும்.

திரவிடோசரஸ் என்ற பெயர் தமிழ் வாசகரிடையே பெருமிதத்தைத் தூண்டவல்லது. ஆயினும் பெயரின் இனிமை எலும்பின் குறையை நிரப்பாது. அதேவேளை, மறுப்புரை பின்னர் வந்தது என்பதனால் மட்டும் அதனை முடிந்த முடிபாகக் கொள்வதும் அறிவியலன்று. மூலச் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து விரிவாக வெளியிடுவதே இவ்வழக்குக்குத் தீர்வாகும். அதுவரை அத்தலையைத் தமிழில் அச்சிடுவோர், அது எந்த எலும்பின்மேல் நிற்கிறது என்பதையும் படத்தின் கீழ் எழுதுதல் கடன்.