கிளிக்கு ஒரு சிவப்புத் தையல்

சின்னத் திரைச்சீலைக் கிட் ஒன்றை வாங்கி, வரைபடத்தில் உள்ள கட்டத்துக்குக் கட்டம் பிசகாமல் தைத்து முடிப்பவர்களின் பொறுமையை மெச்சலாம். ரசனையை மெச்சத்தான் எனக்கு மனம் வருவதில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கான்வாஸ், எண் போட்ட நூல், ஊசி, வரைபடம். கிட் என்பது இவ்வளவுதான். பெரும்பாலும் காட்சியும் ஒன்றே: சிவப்புத் தரை, அதில் எங்கும் இறைந்த பூக்கள், நடுவே ஒரு சீமாட்டி, ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை. மேல்நாட்டில் இதைப் பொம்மை வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதற்கென்று பொம்மை வீடு தேட வேண்டியதில்லை. கொலு இருக்கிறது. மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டுப் பழகிய கைகளும் இருக்கின்றன.

திருப்பதியில் வாங்கும் மரப்பாச்சி ஜோடி எல்லார் வீட்டிலும் ஒரே முகந்தான். புடவை கட்டி, நகை போட்டு, நெற்றிக்கு இட்ட பிறகே அது நம் வீட்டுப் பிள்ளை ஆகிறது. கிட்டிலும் அப்படி எதையாவது மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றுவது என்பதில்தான் ரசனை இருக்கிறது.

மூலச் சீலைகளை நெய்தவர்களே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். அந்தச் சீமாட்டி இருப்பது பாரிஸின் குளூனி அருங்காட்சியகத்தில். 1500ஆம் ஆண்டையொட்டிக் கம்பளியிலும் பட்டிலும் நெய்த ஆறு பெரிய சீலைகள்; ஐந்து ஐம்புலன்களைக் காட்டுபவை, ஆறாவதுக்கு என்ன பொருள் என்று இன்னும் சண்டை ஓயவில்லை. எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமே 1841இல் பூசாக் கோட்டையில் இவற்றைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. 1882இல் அருங்காட்சியகம் வாங்கியது. சிங்கமும் குதிரையும் ஏந்தி நிற்கும் கொடிகளைப் பாருங்கள். சிவப்பில் சரிந்த நீலப் பட்டை, அதில் மூன்று பிறைகள். லியோன் நகரத்து ல விஸ்த் குடும்பத்தின் சின்னம் அது. அந்தக் காலத்துப் பூத்தரைச் சீலைகளில் முயலும் பூவும் பட்டறைகளின் கைவசச் சரக்கு. ஒரே முயல் பல சீலைகளில் இடவலம் மாறித் துள்ளும். பணம் கொடுத்தவரைச் சொல்வது சின்னம் மட்டுமே.

நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒற்றைக்கொம்பு வேட்டைச் சீலைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஏ (A) என்ற எழுத்தும் திருப்பிப் போட்ட ஈ (E) என்ற எழுத்தும் கயிற்றால் முடிச்சிடப்பட்டு மறுபடி மறுபடி வருகின்றன. யாருடைய முதலெழுத்துகள் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை ஆளில்லை. ஐந்நூறு ஆண்டாகச் சொந்தக்காரர் பெயரைக் காட்டிக்கொடுக்காத எழுத்து! மூலையில் முழுப் பெயரையும் தேதியையும் தைத்துவைக்கும் பழக்கத்துக்கு எதிராக எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆகவே எழுத்து போடுவதென்றால் இரண்டே எழுத்து, ஒரு முடிச்சு. தமிழெழுத்தைப் போடலாமே என்று கேட்டால், தாராளமாகப் போடலாம், ஆனால் கட்டம் சம்மதிக்க வேண்டும். சாதாரண கான்வாஸில் அங்குலத்துக்குப் பதினெட்டு துளை. சதுர அங்குலத்துக்கு 324 தையல். பட்டு வலைத் துணியில் நாற்பது துளை என்றால் 1600. பதினெட்டில் சீமாட்டியின் கண்ணே ஒரு தையல்தான். அங்கே ட, ப இரண்டும் ஐந்து கட்டத்துக்குள் அழகாக உட்காரும். ட-வைத் திருப்பிப் போட்டு ஜோடி சேர்த்தால் குளோய்ஸ்டர்ஸ் எழுத்துக்கே சவால் விடலாம். ழவும் ஞவும் அதே இடத்தில் புழுவாக நெளியும். இன்னொரு சூட்சுமம்: கிட்டில் போடும் ஒற்றைச் சாய்வுத் தையல் எல்லாமே இடமிருந்து வலமாக மேல்நோக்கிச் சாய்கிறது. அதே பக்கம் சாயும் கோடு வழுவழுப்பாக ஓடும். எதிர்ப்பக்கம் சாயும் கோடு படிப்படியாக உடையும். எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்வதால் கான்வாஸும் கோணிக்கொள்ளும். இதற்கு மருந்து தாராவியில் இருக்கிறது. அங்கே ஆரி, சர்தோசி வேலை செய்யும் காரிகர்கள் துணியை நாலு பக்கமும் இழுத்து அட்டா என்னும் சட்டத்தில் கட்டாமல் ஊசியைத் தொடுவதில்லை. உள்ளங்கைச் சீலைக்குச் சட்டம் எதற்கு என்று மடியில் வைத்துத் தைப்பவர்கள் கடைசியில் சாய்சதுரத்தை வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். இந்த ஊர்க் கைகளின் வீச்சு சாதாரணமில்லை. 2021இல் பாரிஸின் ரோடான் அருங்காட்சியகத்தில் தியோர் ஆடை நிறுவனத்தின் காட்சிக்காகக் கலைஞர் ஏவா ஜோஸ்பன் வரைந்த காடுகளும் அருவிகளும் சுவர் சுவராகத் தொங்கினவே, சுமார் 350 சதுர மீட்டர் பட்டுத் தையல், அது மும்பைச் சாணக்யா பட்டறைகளின் வேலை.

சரிகைக்கு மட்டும் நான் வாக்களிக்க மாட்டேன். நம்மவர்களுக்குக் கை அரிக்கும். குதிரைக் கொம்பில் ஓர் இழை சூரத் சரிகை விட்டால் என்ன என்று தோன்றும். குளூனி சீலைகளில் உலோக இழை கிடையாது. கொலுவின் சீரியல் விளக்கு பட்டதும் அந்த ஓர் இழை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கை அரிப்பவர்கள் சிவப்பில் விளையாடிப் பார்க்கலாம். அந்தச் சீலைகளில் ஈரத்தில் நைந்த அடிப்பகுதிகளை 19ஆம் நூற்றாண்டில் மறுபடி நெய்தபோது போட்ட ரசாயனச் சாயம் பிறகு வெளுத்துப்போனது. மேலே ஐந்நூறு வருஷத்து வேர்ச்சாயம் அசையாமல் நிற்கிறது. ஆகவே நிஜச் சீலையில் சிவப்பு இரண்டு. கிட்டில் ஒன்றுதான் வரும். கீழ் விளிம்பில் சில வரிசைகளுக்கு ஆங்கர் நூலில் ஒரு படி மங்கிய சிவப்பை வாங்கிப் போட்டால் சீலைக்குச் சட்டென்று வயது கூடும். பார்ப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏன் என்று தெரியாது. அந்த மாதிரி மாற்றந்தான் எனக்கு உசத்தி. கிட்டில் வரும் கம்பளி நூலையும் மாற்றிவிடலாம். மும்பை மழைக்காலத்தில் அது பூசணத்துக்கு விருந்து.

செம்பூரில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் எழுத்தும் போடவில்லை, சின்னமும் போடவில்லை. அவர் எடுத்தது சுவையைக் காட்டும் சீலை. அதில் சீமாட்டி வலக்கையால் தட்டிலிருந்து தின்பண்டம் எடுக்கிறாள். இடக்கையில் ஒரு கிளி. அந்தக் காலத்து ஐரோப்பாவில் கிளி கிழக்கிலிருந்து போய்ச் சேர்ந்த ஆடம்பரப் பறவை. வரைபடத்தில் அது முழுக்கப் பச்சை. மாமி அதன் கழுத்தில் ஒரே ஒரு தையல் சிவப்பு வைத்தார், மூக்குக்கு இன்னொன்று. அவ்வளவுதான். கொண்டுபோய் ஆண்டாள் பொம்மைக்குப் பின்னால் மாட்டினார். இடக்கையில் கிளியோடு முன்னே ஒருத்தி, பின்னே ஒருத்தி.

வெற்றிலை பாக்குக்கு வந்த ஒரு பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது யாருடி, ஆண்டாளுக்குப் பின்னாடி?”

“பிரான்ஸ்காரி பாட்டி. ஐந்நூறு வயசு.”

“இருக்கட்டும். கிளி நம்மூர்க் கிளிதானே?”