கோச் போன பிறகு வரும் இளைஞர்கள்

2025 அக்டோபர் கடைசியில் கோவாவில் சூப்பர் கோப்பை ஆடப் போன சென்னையின் எஃப்.சி. அணியில் வெளிநாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. மோகன் பகானிடம் 0-2. அடுத்து ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. தலைமைப் பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டா பொறுப்பேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்கு முன்பு இருந்த ஓவன் காயில் அந்த ஆண்டுதான் விலகினார். அவருடைய கடைசி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் 13 அணிகளில் 11ஆம் இடம்.

எங்கள் கான்சாபுரத்தில் சாயங்காலம் பந்து உதைக்கிற பையன்களில் ஒருவன் கைபேசியில் இந்த ஸ்கோரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: “அண்ணே, எல்லாம் நம்ம நாட்டுப் பயலுகளாம்ல. அப்ப நமக்கும் சான்ஸ் கிடைக்குமா?” நாலு கோல் வாங்கியது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கதவு திறந்திருக்கிறதா என்பதே அவன் கவலை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பயிற்சியாளர் போய்விட்டால் இளைஞர்கள் பக்கம் திரும்புவது இந்தியக் கால்பந்தில் வழக்கமாகி வருகிறது. விலையுயர்ந்த வீரர்கள் கிளம்புகிறார்கள், ஒரு இந்தியப் பயிற்சியாளர் வருகிறார், இருபது வயதுப் பையன்கள் களமிறங்குகிறார்கள். ரசிகர்களுக்கு மகிழ்ச்சி, கிளப்புக்குச் செலவு குறைவு. ஆனால் சென்னையின் விஷயத்தில் இதைக் கொள்கை முடிவு என்று உடனே பாராட்டிவிட முடியாது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐ.எஸ்.எல்.லை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடியவிருந்தது. அது புதுப்பிக்கப்படாததால் ஜூலையிலேயே சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. லீக் தொடங்கியபோது 2026 பிப்ரவரி ஆகிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் வெளிநாட்டு வீரர் இல்லாமல் ஆடியதில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் திறனாய்வு செய்ய முடியாது.

சென்னையின் வரலாறே இதற்கு ஒரு அளவுகோல் தருகிறது. 2014இல் தொடங்கிய கிளப் இரண்டு முறை கோப்பை வென்றது: 2015இல் மார்கோ மாத்தராஸி காலத்தில், 2017-18இல் ஜான் கிரெகரி காலத்தில். அந்த இரண்டாவது கோப்பையை நினைத்துப் பாருங்கள். மெய்ல்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகஸ்டோ போன்ற வெளிநாட்டவர் அணியின் முதுகெலும்பு. அவர்கள் நடுவே இருபது வயது அனிருத் தாபா, பத்தொன்பது வயதான மிசோரமின் ஜெர்ரி லால்ரின்சுவாலா. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோல் அடித்தவர் தாபா. இரண்டாம் ஆட்டத்தில் முன்கள வீரர் ஜெஜே இரண்டு கோல் அடித்தார், மற்றொன்றை அடித்தவர் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ். வடசென்னைப் பையன் சென்னை நேரு விளையாட்டரங்கில் தன் ஊர் அணியை இறுதிப் போட்டிக்கு அனுப்பிவைத்த இரவு அது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள்.

அந்த அணியில் இளைஞர்கள் வளர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் தாபாவும் ஜெர்ரியும் கிளப்பின் நாற்றங்காலில் முளைத்தவர்கள் அல்லர். சம்மேளனத்தின் அகாடமியில் வளர்ந்து 2016இல் மாத்தராஸியின் அணிக்கு வந்தவர்கள். வேறொருவர் வயலில் விட்ட நாற்றைப் பிடுங்கி நட்டு நன்றாக விளையவைத்தது சென்னையின். அதில் குறை ஒன்றும் இல்லை. பின்னாளில் தாபா அணித்தலைவர் ஆனார், 2023இல் மோகன் பகானுக்குப் போனார். அவர் விட்டுப்போன இடத்தில் நட அடுத்த நாற்று கையில் இல்லை. அந்தக் கோப்பைக்கு எட்டாண்டு கழித்து ‘இளைஞர் வளர்ச்சி’ என்று புதிதாகப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே கொஞ்சம் வெளியே போய்ப் பார்க்கலாம். 1995 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், ஆந்த்ரே கான்செல்ஸ்கிஸ் மூவரையும் அனுப்பிவிட்டு இளைஞர்களை நம்பியது. முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. அந்த சீசன் முடிந்தபோது லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் அவர்களிடம். இந்தக் கதையை ‘இளைஞர்களை நம்பு’ என்ற பாடமாக எல்லோரும் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறு. அங்கே போனவர்கள் வீரர்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் போகவில்லை. 1986இலிருந்து அங்கேயே இருந்தார். அந்தப் பையன்களில் பலர் 1992இலேயே இளையோர் கோப்பையை வென்று அவர் கண்ணெதிரே வளர்ந்தவர்கள். பார்சிலோனாவில் 2008இல் பயிற்சியாளர் மாறினார் என்பது சரி. ஆனால் ரைகார்டுக்குப் பதில் வந்த குவார்டியோலா அதற்கு முந்தைய ஆண்டு அதே கிளப்பின் இரண்டாம் அணியை நடத்தியவர். அவர் மேலே கொண்டுவந்த புஸ்கெட்ஸும் பெட்ரோவும் அந்த இரண்டாம் அணிக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் 1979இலிருந்து நடந்துவந்த லா மாசியா இருந்தது. ஒரு இடத்தில் ஆள் நிலைத்தார், இன்னொரு இடத்தில் அமைப்பு நிலைத்தது. இரண்டில் ஒன்றாவது நிற்காத இடத்தில் இளைஞர்கள் நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

சென்னையினில் எது நின்றது? மாத்தராஸி, கிரெகரி, காயில், சாபா லாஸ்லோ, போசிதார் பாந்தோவிச், தாமஸ் பிர்தாரிச், மறுபடி காயில், இப்போது மிராண்டா. 11 ஆண்டில் எட்டு நியமனங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டமுறை, ஒரு விருப்பப் பட்டியல். ஒருவர் கண்ணில் தேறிய பையன் அடுத்தவர் கண்ணில் தேறுவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும். பத்தொன்பது வயதில் அந்த இரண்டு வருடம் ஒரு வாழ்க்கை.

ஒரே ஒரு மனிதர் அந்த மாற்றங்களுக்கு நடுவே நிலைத்து நின்றார், சையது சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய தமிழ்நாட்டுக்காரர். பல வெளிநாட்டுத் தலைமைப் பயிற்சியாளர்களுக்கு உதவியாளராக இருந்தார். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்று பாந்தோவிச் விலக்கப்பட்டபோது மிச்ச ஆட்டங்களை அவர் கையில் கொடுத்தார்கள். சீசன் முடிந்ததும் பிர்தாரிச் வந்தார். உள்ளூரை அறிந்தவரை நெருக்கடிக்கு மட்டும் கூப்பிடுவது சரியான பழக்கம் அல்ல. அந்த வகையில் மிராண்டாவை முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக்கியது நல்ல முடிவு, தயங்காமல் பாராட்டுகிறேன். அந்தப் பொறுப்பில் சென்னையின் அமர்த்திய முதல் இந்தியர் அவர். 2023இல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வாங்கிக்கொடுத்தவர், 23 வயதுக்குட்பட்ட இந்திய அணியோடு வேலை செய்தவர். இந்திய இளைஞன் எந்த வயதில் எதில் தடுமாறுவான் என்பதை அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

விதிகளும் இந்தத் திசையில்தான் தள்ளுகின்றன. 2021-22இலிருந்து ஐ.எஸ்.எல். களத்தில் வெளிநாட்டவர் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஒப்பந்தம் செய்ய வேண்டிய வளரும் வீரர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை இரண்டிலிருந்து நான்கானது. ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பதும் களத்தில் இருப்பதும் ஒன்றல்ல. பெஞ்சில் உட்கார்ந்து சீசனைக் கழிக்கிற வளரும் வீரன் வளரவில்லை.

இதே மாநிலத்தில் இன்னொரு கிளப்பின் கதை இருக்கிறது, அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலைவிட ஒன்றே ஒன்று அதிகம். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார், ஸ்பெயின்காரர்கள் ஆட்டத்தை நெய்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம்மவர்கள் தோளோடு தோள் ஆடினார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 26 சதவீதப் பங்கை வாங்கியது. அகாடமி, இளையோர் வளர்ச்சி என்ற பேச்சுக்கெல்லாம் பின்பலம் கிடைத்ததாக நம்பினோம்.

2020இல் நவாஸ் போனார். ஸ்பெயின்காரர்களும் போனார்கள். இன்னொரு சிங்கப்பூர்க்காரரான சத்யசாகரா பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்டு அணி கட்டினார். கொரோனா காரணமாக அந்த சீசனின் ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் நடந்தது. முதல் ஆட்டத்தில் அந்தப் பையன்கள் கோகுலம் கேரளாவை 2-1 என்று வென்றார்கள். அந்த கோகுலம்தான் கடைசியில் சாம்பியன். திறமை இல்லாத அணி அப்படி வெல்லாது. ஆனால் வாரத்துக்கு வாரம் தாங்குவதற்கு வழிகாட்டும் மூத்த கால்கள் வேண்டும். அவை இல்லாமல் அணி கீழ்ப்பாதிக்குச் சரிந்தது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லவே இல்லை. பட்டம் வென்று மூன்றாவது ஆண்டில் ஆட அணியே இல்லாமல் போனது. அந்தப் பையன்கள் தனித்தனியாக வேறு கிளப் தேடிப் போக வேண்டியதாயிற்று.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் இந்த வழக்கத்தின் நன்மை தெரிகிறது. நெருக்கடி இல்லாவிட்டால் பல இளைஞர்களுக்கு முதல் ஆட்டமே கிடைத்திருக்காது. மூத்தவர் இருக்கும்வரை வாய்ப்புக் கொடுக்கப் பயப்படுகிற நிர்வாகத்தை, வேறு வழியில்லாத நிலை துணியவைக்கிறது. கோகுலத்தை வென்ற அந்த ஒரு ஆட்டம் எப்படியும் அந்தப் பையன்களுடையது, யாரும் பிடுங்க முடியாது. ஆனால் இந்த வழக்கத்தின் குறை இதைவிடப் பெரியது. தோல்வியின் சுமை முழுவதும் அனுபவம் இல்லாத தோள்களில் விழுகிறது. 0-4 என்ற முடிவில் ஒரு இருபது வயதுப் பின்கள வீரன் கற்றுக்கொள்வது கொஞ்சம், இழக்கிற நம்பிக்கை நிறைய. பணம் திரும்பியதும் கிளப் முதலில் வாங்குவது அவன் இடத்துக்கு ஒரு வெளிநாட்டவரை. 2017-18 அணி காட்டிய வழி இதற்கு நேர் எதிரானது. அங்கே இளைஞன் தப்பு செய்தால் பக்கத்தில் சரிசெய்ய ஒரு அகஸ்டோ இருந்தார்.

இன்னொரு குறையைக் கிளப்புகளின் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. நாற்றங்கால் எங்கே இருக்கிறது என்பது அது. சென்னைக்குள் வியாசர்பாடி தனபால் கணேஷையும் நந்தகுமார் சேகரையும் கொடுத்தது. குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜைக் கொடுத்தது. அவர் சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்குப் போனார். 2020 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் 3-1 என்று சென்னையினை வீழ்த்தியது அந்த ஏ.டி.கே.தான். இந்த ஊர்களில் கிளப்புகள் வருவதற்கு முன்பே கால்பந்து இருந்தது. ஊர்க்காரர்கள் வளர்த்த கால்பந்து அது. நடுவில் இருக்கிற எங்கள் பக்கத்தை எந்தக் கிளப்பும் எட்டிப்பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

கான்சாபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்பை ஒட்டிய ஊர். பிளவக்கல் அணைத் தண்ணீர் பாய்கிற வயல்கள். அறுவடைக்குப் பிறகு தாளடி வெட்டிய வயலில்தான் ஆட்டம். கிரிக்கெட்டுக்கு இருக்கிற ஆள் கால்பந்துக்கு இல்லை, இருந்தாலும் ஆடுகிற எட்டுப் பத்துப் பேர் விடாமல் ஆடுகிறார்கள். பள்ளியில் ஒரு உடற்கல்வி ஆசிரியர் மனம் வைத்தால் முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிவரை போகலாம். அங்கிருந்து ஒரு கிளப்புக்கு ஏறிப்போகப் படிக்கட்டே இல்லை. சென்னையில் டிரையல்ஸ் என்றால் பையன் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து, தூக்கம் கெட்ட கால்களோடு காலையில் ஓட வேண்டும். கூடப் போகிற அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போகும். அந்தக் கால்களை வைத்து அவனுடைய திறமையை எடைபோடுவது நியாயம் அல்ல.

ஆகவே அந்தப் பையனுக்கு என் பதில்: தம்பி, கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, காற்று அடித்ததால் திறந்தது. அது மூடாமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிச் சென்னையின் நிர்வாகத்திடம் கேட்கிறேன். இளையோர் பிரிவின் தலைவரைத் தலைமைப் பயிற்சியாளரோடு சேர்த்து மாற்றாதீர்கள், அவருக்குத் தனியாக ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுங்கள். 21 வயதுக்குட்பட்டவர்கள் முதல் அணியில் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பதை ஒவ்வொரு சீசன் முடிவிலும் வெளியிடுங்கள், உங்கள் கொள்கை அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும். பணம் வரும்போது மூத்த வீரர்களை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பையன்களுக்குப் பக்கத்தில் நிற்கவைக்க வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு டிரையல்ஸையாவது மதுரைக்குத் தெற்கே நடத்துங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தால் எங்கள் பையன்கள் டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். மிராண்டாவும் ஒருநாள் போவார். அவர் போன வருடமும் அந்த டிரையல்ஸ் நடக்கட்டும்.